கார்னெல் 1977: கிரேட்ஃபுல் டெட் குழுவின் புகழ்பெற்ற கச்சேரிப் பதிவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராக் கச்சேரிப் பதிவுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் 'கார்னெல் டேப்' என்ற பெயர் எப்படியும் வந்துவிடும். அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைத்தால் புதிதாகக் கேட்க வருபவர்களுக்கும் உதவும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

முதல்ல இது என்ன பதிவு? யாரு வாசிச்சது, எங்க, எப்போ?

1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா என்ற சிறிய ஊரில் கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பார்ட்டன் ஹாலில் கிரேட்ஃபுல் டெட் குழு நடத்திய கச்சேரியின் பதிவு இது. ஜெர்ரி கார்சியா கிதார், பாட்டு. பாப் வெய்ர் இன்னொரு கிதார், பாட்டு. ஃபில் லெஷ் பேஸ் கிதார். கீத் காட்ஷோ பியானோ. அவர் மனைவி டோனா ஜீன் பாட்டு. பில் க்ரூட்ஸ்மன், மிக்கி ஹார்ட் இருவரும் ட்ரம்ஸ்.

பார்ட்டன் ஹால் இசைக்காகக் கட்டிய அரங்கம் இல்லை. ராணுவப் பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் பயன்பட்ட பெரிய கூடம், உள்ளேயே ஓட்டப்பாதை உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒலி சுவரில் பட்டு எதிரொலித்துக் குழம்பிப்போவதுதான் வழக்கம். கச்சேரி முடிந்து மாணவர்கள் வெளியே வந்தபோது மே மாதத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. அன்று அங்கே இருந்தவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

இந்தக் குழுவோட பேரையே இப்பதான் கேக்கறேன். பெரிய ஹிட் பாட்டு ஏதாவது இருக்கா?

ஹிட் பட்டியலை வைத்துத் தேடினால் கையில் ஒன்றுதான் கிடைக்கும். 1987-இல் வந்த 'டச் ஆஃப் கிரே' அமெரிக்கப் பட்டியலில் 9-ஆம் இடம் வரை போனது. முதல் பத்துக்குள் போன அவர்களின் ஒரே பாட்டு அது.

ஆனால் இவர்களை ஆல்பத்தை வைத்து எடைபோட முடியாது. 1965-இல் தொடங்கி, 1995-இல் கார்சியா இறக்கும் வரை 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எது வரும் என்பது ஒவ்வோர் இரவும் மாறும். ஒரே பாட்டு ஓர் இரவு ஆறு நிமிடம், இன்னோர் இரவு பதினாறு நிமிடம். நேற்று வாசித்தது இன்று வராது என்பதால்தான் ரசிகர்கள் ஒவ்வொரு கச்சேரியையும் தனித்தனியாகத் தேடிச் சேர்த்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை குழுவின் உண்மையான படைப்பு மேடையில் நடந்ததுதான். எனக்கும் அதே எண்ணம்தான்.

பூட்லெக்னா திருட்டு கேசட்தானே? இதுவும் அதுதானா?

பூட்லெக் என்ற சொல்லை இரண்டு விஷயங்களுக்குச் சேர்த்தே பயன்படுத்துகிறார்கள். ஒன்று, கலைஞரின் அனுமதி இல்லாமல் பதிவை வட்டாக அச்சடித்துக் கடையில் விற்பது. ராக் இசையில் இது 1969-இல் பாப் டிலனின் பாடல்களோடு வந்த 'கிரேட் ஒயிட் வொண்டர்' வட்டில் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஓக்லாண்டில் நடத்திய கச்சேரியும் இப்படித்தான் வட்டாக வெளியே வந்தது. அங்கே யாரோ சம்பாதித்தார்கள், வாசித்தவர்களுக்கு ஒரு காசும் போகவில்லை.

இரண்டாவது, அதிகாரபூர்வமாக வெளிவராத பதிவு ரசிகர்களுக்குள் கைமாறுவது. கார்னெல் இந்த வகை. பதிவு செய்தது குழுவின் சொந்த ஒலிப்பதிவாளர். அது வெளியே போனது அனுமதியோடு அல்ல, ஆனால் பரவியது விற்பனையால் அல்ல. கிரேட்ஃபுல் டெட் குழு தங்கள் கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்வதைப் பொறுத்துக்கொண்டது மட்டுமில்லை, 1984 அக்டோபர் முதல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. பணம் கைமாறக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

அப்ப பதிவு செஞ்சது ரசிகர் இல்லையா? யாரு அந்த ஒலிப்பதிவாளர்?

பெட்டி கேன்டர்-ஜாக்சன். 1960-களின் கடைசியிலிருந்தே குழுவோடு வேலை செய்தவர். 1969-இல் வந்த 'லைவ்/டெட்' ஆல்பத்தின் ஒலிப்பதிவிலும் அவர் பங்கு பெரியது. ராக் உலகில் ஒலிப்பதிவு மேசைக்குப் பின்னால் பெண்களைப் பார்ப்பதே அரிதான காலம் அது. அவர் பதிவு செய்த நாடாக்களை ரசிகர்கள் 'பெட்டி போர்ட்ஸ்' என்று அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஒலிப்பதிவாளரின் பெயரைப் பார்த்து ரசிகர்கள் பதிவைத் தேடுவது வேறு எங்கும் அதிகம் நடந்ததில்லை.

அவர் செய்தது இரண்டு தட ஸ்டீரியோ பதிவு. இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியையும் தனித் தடத்தில் பிடித்துவைத்து, பிறகு சாவகாசமாக ஏற்றி இறக்கலாம். இரண்டு தடத்தில் அது முடியாது. பியானோ எவ்வளவு கேட்க வேண்டும், இரண்டு ட்ரம்ஸும் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், பாடும் குரல் கிதாருக்கு எவ்வளவு முன்னால் வர வேண்டும், எல்லாவற்றையும் கச்சேரி நடக்கும் அந்த நொடியிலேயே முடிவு செய்ய வேண்டும். பின்னால் வந்து திருத்த வழியே இல்லை. இன்று ஹெட்ஃபோனில் லெஷின் பேஸ் கிதார் ஒவ்வொரு சுரமாகத் தனித்துக் கேட்கிறதே, அது அன்றிரவு அவர் காதும் கையும் செய்த வேலை.

குழுகிட்ட இருக்க வேண்டிய டேப் எப்படி ஊரெல்லாம் பரவுச்சு?

குழுவோடு வேலை முடிந்த பிறகு அவர் பதிவு செய்த நாடாக்கள் அவரிடமே இருந்தன. பணக்கஷ்டம் வந்தபோது அவற்றை மற்ற சாமான்களோடு ஒரு வாடகைக் கிடங்கில் போட்டுவைத்தார். வாடகை பாக்கி நின்றது. 1986-இல் கிடங்குக்காரர்கள் உள்ளே இருந்ததை ஏலம் விட்டார்கள். எத்தனையோ ஆண்டு உழைப்பு, பெட்டி பெட்டியாகப் பலர் கைக்குப் பிரிந்து போனது. சில நாடாக்கள் சரியான பராமரிப்பு இல்லாமல் பூஞ்சை பிடிக்கும் நிலைக்குப் போய், ரசிகர்களே முன்வந்து சுத்தம் செய்து பிரதியெடுத்துக் காப்பாற்றினார்கள்.

1980-களின் பிற்பகுதியில் பெட்டி போர்ட்ஸ் பெரிய அலையாகப் பரவியதற்கு இந்த ஏலம்தான் காரணம். அவற்றில் கார்னெல் கச்சேரியின் நல்ல பிரதி மற்ற பலவற்றைவிடச் சீக்கிரமே ரசிகர்கள் கைக்கு வந்துவிட்டது. அதன் புகழுக்கு இது ஒரு முக்கியக் காரணம். பிழைப்புக்காகக் கிடங்கில் வைத்த உழைப்பை அவர் இழந்ததால்தான் நமக்கு இந்த இசை கிடைத்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். அதனால் யார் இந்தப் பதிவைப் பற்றிக் கேட்டாலும் குழுவின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்டர்நெட் இல்லாத காலத்துல ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு எப்படிப் போச்சு? காசு வாங்க மாட்டாங்களா?

தபாலில்தான். உங்களிடம் ஒரு கச்சேரி இருக்கிறது, என்னிடம் ஒன்று இருக்கிறது என்றால் மாற்றிக்கொள்வோம். என்னிடம் எதுவுமே இல்லை என்றால் காலி கேசட்டையும் திரும்பி வரத் தபால் செலவையும் அனுப்பினால் போதும், பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு டாலர் கேட்டாலும் அந்த ஆளோடு யாரும் பழக மாட்டார்கள். நல்ல டேப்பை வைத்துக்கொண்டு தராமல் இருப்பதும் அதே அளவு கெட்ட பெயர்தான்.

90 நிமிட கேசட் இரண்டு இருந்தால் கார்னெல் கச்சேரி அடங்கிவிடும். அட்டையில் பேனாவால் தேதி, ஊர், பாடல் வரிசை எழுதியிருக்கும். ஒரு பாட்டு நிற்காமல் அடுத்த பாட்டுக்குள் போனால் நடுவில் ஒரு சின்ன அம்புக்குறி. அந்த அம்புக்குறி இன்றும் ரசிகர்கள் எழுத்தில் அப்படியே இருக்கிறது.

சவுண்ட்போர்டு, ஆடியன்ஸ், மேட்ரிக்ஸ்னு மூணு வகை இருக்கே, எதைக் கேக்கணும்?

சவுண்ட்போர்டு என்றால் மேடை மைக்குகளிலிருந்து வரும் ஒலியை நேராக நாடாவில் பிடித்தது. கருவிகள் தெளிவாக இருக்கும், கூட்டத்தின் சத்தம் தூரத்தில் கேட்கும். ஆடியன்ஸ் என்றால் ரசிகர்கள் கூட்டத்துக்குள் மைக் வைத்துப் பிடித்தது. கூடத்தின் எதிரொலி, கைதட்டல், பக்கத்தில் நிற்பவரின் கூச்சல் எல்லாம் சேர்ந்து வரும். மேட்ரிக்ஸ் என்பது இரண்டையும் பிற்பாடு யாராவது கணினியில் ஒத்திசைத்துக் கலந்தது.

கார்னெலுக்கு முதலில் சவுண்ட்போர்டைக் கேளுங்கள், மேலே சொன்ன பெட்டி கேன்டர்-ஜாக்சனின் பதிவு அதுதான். பிறகு ஒருமுறை ஆடியன்ஸ் பதிவையும் கேளுங்கள். இரண்டாம் பகுதி தொடங்கும் முன், முன்வரிசையில் இருப்பவர்கள் நசுங்குகிறார்கள், எல்லோரும் ஓரடி பின்னால் போங்கள் என்று வெய்ர் கேட்டுக்கொள்வார். சவுண்ட்போர்டில் அது ஓர் அறிவிப்பு மாதிரிதான் கேட்கும். ஆடியன்ஸ் பதிவில் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நீங்கள் நிற்பீர்கள்.

அண்ணா, கிட்டத்தட்ட மூணு மணி நேரம் உக்காந்து கேக்கப் பொறுமை இல்ல. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இரண்டாம் பகுதியின் தொடக்கம். 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' என்ற பாட்டு, அதிலிருந்து நிற்காமல் 'ஃபயர் ஆன் த மௌன்டன்'. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல் போகும். பாட்டின் வரிகள் முடிந்ததும் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள், விஷயமே அதற்குப் பிறகுதான். டோனாவின் குரல் மேலே மிதக்க, கார்சியா சின்னச் சின்னச் சொற்கட்டுகளாக வாசித்துக்கொண்டே போவார். கீழே தாளம் மெல்ல மெல்ல வேறு ஊசலுக்கு மாறும். ஒரு கட்டத்தில், அடடே, இது வேறு பாட்டாயிற்றே என்று உங்களுக்கே உறைக்கும். எந்த நொடியில் மாறியது என்று கை வைத்துக் காட்ட முடியாது. பின்னோக்கிப் போய்த் திரும்பக் கேட்டாலும் முடியாது.

'ஃபயர்' இரண்டே கார்டுகளில், அதாவது சேர்ந்தொலிக்கும் இரண்டே சுரக் கூட்டுகளில், நிற்கும் பாட்டு. அதுவும் புத்தம் புதிது: இந்த ஜோடியை அவர்கள் முதன்முதலில் மேடையேற்றியது அதே ஆண்டு மார்ச் 18-இல், சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லாண்ட் அரங்கில். இரண்டு மாதம்கூட ஆகாத ஒன்றை இவ்வளவு நிதானமாக, அவசரமே இல்லாமல் வாசித்திருக்கிறார்கள்.

'ஃபயர் ஆன் த மௌன்டன்'ல நம்ம ஊர் வாசிப்பு வாடை அடிக்குதே, என் பிரமையா?

பிரமை இல்லை. அந்தப் பாட்டின் விதை 1976-இல் வந்த 'டிகா' என்ற ஆல்பத்தில் இருக்கிறது. மிக்கி ஹார்ட்டும் தபேலா மேதை ஜாகிர் உசேனும் சேர்ந்து நடத்திய டிகா ரிதம் பேண்ட் குழுவின் ஆல்பம் அது. அதில் 'ஹேப்பினஸ் இஸ் ட்ரம்மிங்' என்ற தாளவாத்தியப் பகுதி உண்டு, கார்சியாவும் அதில் கிதார் வாசித்திருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு 'ஃபயர்' கேட்டால் உறவு உடனே பிடிபடும். ஹார்ட்டின் இந்தத் தொடர்பு நம் ஊர் வரை நீண்டது: 1991-இல் அவர் கொண்டுவந்த 'பிளானெட் ட்ரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு கடம் விக்கு விநாயக்ராமும் வாசித்தார். அதற்குக் கிராமி விருதும் கிடைத்தது.

இன்னொன்று. 'ஃபயர்' முடிந்ததும் வரும் 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' ஏழு எண்ணிக்கையில் போகும் பாட்டு. மிஸ்ர சாபு போட்டுப் பழகியவர்கள் தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம், மேலைநாட்டு ரசிகர்களைவிட நமக்கு அது சுலபம்.

கடைசியில வர்ற 'மார்னிங் டியூ'வுக்கு ஏன் எல்லாரும் இவ்வளவு உருகறாங்க?

அது இவர்கள் எழுதிய பாட்டு இல்லை. கனடாவைச் சேர்ந்த பானி டாப்சன் 1961-இல் எழுதியது. அணுகுண்டுப் போருக்குப் பின் எஞ்சிய இருவர் பேசிக்கொள்வதுதான் பாட்டு. காலைப் பனியில் நடக்கக் கூப்பிடுகிறாள் ஒருத்தி, இனி நடக்க முடியாது என்கிறான் இன்னொருவன். பொருள் தெரிந்து கேட்டால் முதல் வரியிலேயே மனம் கனத்துவிடும்.

கார்னெலில் இது பதினான்கு நிமிடம் போல நீள்கிறது. நடுவில் ஒலி ஏறக்குறைய அடங்கிவிடும். அங்கிருந்து கார்சியா ஒற்றைச் சுரங்களாகத் தொடங்குவார். ட்ரம்ஸ் இரண்டும் அவரைத் தொடர்ந்து மெல்ல எழும். உச்சத்தில் தனிச் சுரங்களை விட்டுவிட்டு, தந்திகள் மொத்தத்தையும் வேகவேகமாக அடித்துக்கொண்டே போவார், அது முடிந்துதான் கடைசி வரி. ஹெட்ஃபோனை ஒருபோதும் இந்தப் பகுதிக்குப் பாதியில் கழற்றாதீர்கள். அதற்கு அப்புறம் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்ப 'ஒன் மோர் சாட்டர்டே நைட்' வாசித்தார்கள். நாள் என்னவோ ஞாயிறு.

இதுதான் அவங்க வாசிச்சதிலேயே ஆகச் சிறந்த கச்சேரியா?

என் தீர்ப்பு: மிகச் சிறந்தவற்றில் ஒன்று, ஆனால் 'ஒரே சிறந்தது' என்ற பட்டம் நாடாவால் வந்தது. 1977-இன் தொடக்கத்தில் 'டெராபின் ஸ்டேஷன்' ஆல்பத்துக்காகக் கீத் ஆல்சன் என்ற தயாரிப்பாளர் அவர்களைக் கறாராக ஒத்திகை பார்க்கவைத்தார். அந்தக் கட்டுக்கோப்பு வசந்த காலச் சுற்றுப்பயணம் முழுவதும் தெரிகிறது. முந்தைய இரவு பாஸ்டனிலும் அடுத்த இரவு பஃபலோவிலும் வாசித்ததை கார்னெலோடு வைத்துக் கேட்டால் பெரிய இடைவெளி இருக்காது.

முதல் பகுதியில் பல பாடல்கள் நன்றாக வாசித்த வழக்கமான பாடல்கள், அவ்வளவுதான். அந்தப் பகுதியைத் தூக்கி நிறுத்துவது கடைசியில் வரும் 'டான்சிங் இன் த ஸ்ட்ரீட்'. இரண்டாம் பகுதிக்கு மட்டும் நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

அந்தக் கச்சேரி நடக்கவே இல்லன்னு ஒரு கதை படிச்சேனே?

எல்லாமே ஏமாற்று வேலை, பதிவு வேறெங்கோ செய்தது என்று ஒரு கதை ரசிகர்களிடையே உலவுவது உண்மை. பெட்டியின் பதிவு ஒரு பக்கம் இருக்க, கூட்டத்திலிருந்து தனியாகப் பிடித்த பதிவுகளும் இருக்கின்றன (சவுண்ட்போர்டு, ஆடியன்ஸ் கேள்வியைப் பாருங்கள்). இரண்டிலும் அதே சுரம், அதே பிசிறு, அதே அறிவிப்பு. படங்களும் இருக்கின்றன, அன்று போனவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

2017-ல அதிகாரபூர்வமாவே வந்துருச்சே, பழைய காப்பி இருந்தா போதாதா?

போதும் என்பவர்களோடு சண்டை இல்லை, ஆனால் வித்தியாசம் காதுக்குத் தெரியும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும், ட்ரம்ஸோடு இருக்கும் சிம்பல் தட்டின் மினுமினுப்பு மங்கும். நான்காவது ஐந்தாவது கை மாறிய பிரதியில் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். ஏலத்தில் போன மூல நாடாக்கள் குழுவின் காப்பகத்துக்குத் திரும்பி வந்த பிறகு, 40-ஆம் ஆண்டை ஒட்டி 2017 மே மாதம் வெளியீடு வந்தது. பாஸ்டன், பஃபலோ, மே 5-இன் நியூ ஹேவன் கச்சேரிகளும் சேர்ந்த 11 சிடி தொகுப்பும் உண்டு.

வெளியீட்டுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் மாஸ்டரிங் வேலையை ஜெஃப்ரி நார்மன் செய்தார். நாடாவின் வேகத்தில் இருந்த நுண்ணிய ஆட்டத்தையும் சரிசெய்திருக்கிறார்கள். பதிவின்போது நாடாவில் காதுக்குக் கேட்காத ஒரு உயர் அதிர்வெண் சமிக்ஞையும் விழும். அதை அளவுகோலாக வைத்து, எங்கெங்கே வேகம் தடுமாறியது என்று கண்டுபிடித்து நேர்ப்படுத்தும் முறை அது. நீட்டி ஒலிக்கும் பியானோ சுரங்களில் இதன் பலன் நன்றாகத் தெரியும்.

லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இந்த டேப்பைச் சேத்துட்டாங்களாமே?

ஆமாம். பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று அந்த நூலகம் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் தேசியப் பட்டியலில், 2011-ஆம் ஆண்டுக்கான தேர்வாக இது இடம்பெற்றது. அறிவிப்பு 2012-இல் வந்தது. அதாவது கடையில் விற்கும் வெளியீடாக ஆவதற்கு ஐந்து ஆண்டு முன்பே, கைமாறிய நாடாவாக இருக்கும்போதே அந்த அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

இலவசமாத்தானே சுத்துச்சு? அப்ப நான் நெட்ல ஏத்தலாம், சிடி போட்டு விக்கலாம், தப்பில்லையே?

விற்பது தப்பு, இதில் இரண்டாம் பேச்சு இல்லை. 1972 பிப்ரவரி 15-க்குப் பிறகான ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் கூட்டரசுப் பதிப்புரிமை உண்டு. நேரடிக் கச்சேரியை அனுமதியின்றிப் பதிந்து விற்பதற்கு எதிராக 1994-இல் தனிச் சட்டமும் வந்தது. அதைவிட, பணம் கூடாது என்பதுதான் ரசிகர்களுக்கும் குழுவுக்கும் இருந்த ஒப்பந்தமே.

2005-இன் கடைசியில் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் இருந்த டெட் சவுண்ட்போர்டு பதிவுகளைத் தரவிறக்க முடியாதபடி செய்தார்கள். ரசிகர்கள் கொதித்த பிறகு, ஆடியன்ஸ் பதிவுகளைத் தரவிறக்கலாம், சவுண்ட்போர்டை அங்கேயே கேட்கலாம் என்ற ஏற்பாடு வந்தது. நண்பருக்கு அந்த இணைப்பைக் கொடுங்கள், மனம் நிறைந்தால் 2017 வெளியீட்டை வாங்குங்கள்.

என்கிட்ட இருக்கற ஃபைல்ல ஸ்ருதி கொஞ்சம் ஏறியிருக்கு. கெட்டுப்போன காப்பியா?

கெட்டுப்போனது இல்லை, வேகம் மாறியது. பிரதியெடுத்த ஏதோ ஒரு கேசட் டெக் மெதுவாக ஓடியிருந்தால், சரியான வேகத்தில் ஓடும் இன்னொரு டெக்கில் போடும்போது சுருதி ஏறிவிடும். 3 சதவீத வேக மாற்றமே ஏறக்குறைய அரை ஸெமிடோன். 2017 வெளியீட்டில் 'ஸ்கார்லெட்'டின் முதல் சில நொடிகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இலவச ஒலித்தொகுப்பு மென்பொருள் எதிலும் வேகத்தை மாற்றும் வசதி இருக்கும். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள், இரண்டும் சேர்ந்துதான் மாற வேண்டும்.

கார்னெல் முடிச்சாச்சு. அடுத்து எதைக் கேக்கட்டும்?

மறுநாள் பஃபலோ. 'ஹெல்ப் ஆன் த வே'யில் தொடங்கி 'ஸ்லிப்நாட்' வழியாக 'ஃபிராங்க்ளின்ஸ் டவர்' வரை போகும் அந்த ஆரம்பத்துக்காகவே கேட்கலாம். அதன்பின் ஐந்து ஆண்டு பின்னால் போங்கள்: 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலத்தின் வெனீட்டா, கொளுத்தும் வெயிலில் திறந்தவெளிக் கச்சேரி. அதுவும் பல ஆண்டு கேசட்டாகக் கைமாறி, 2013-இல்தான் வெளியீடாக வந்தது. அப்போது ஒரே ட்ரம்மர்தான், இசை இன்னும் இளகி, இன்னும் தூரம் அலையும். அதில் 'டார்க் ஸ்டார்' அரை மணி நேரம் போகும், அதற்கென்று ஒரு மாலையை ஒதுக்கிவையுங்கள்.